அதிகம் பேசப்படாத விஞ்ஞானப் புனைகதைகள், மாயப் புனைகதைகள்: மலையக வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுஜாதாவை வாசித்து முடித்தாயிற்று. தமிழில் அடுத்து யார்?

‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ இரண்டையும் வாசித்தவர்களில் பலர், தமிழ் விஞ்ஞானப் புனைகதை அத்தோடு முடிந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். முடியவில்லை. அடுத்து ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பை எடுங்கள். விண்கலமும் ரோபோவும் இல்லாமல் சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற பழைய அறிவுத்துறைகளிலிருந்தே விஞ்ஞானக் கதை செய்ய முடியும் என்று காட்டும் கதைகள் அதில் உண்டு. சிறுகதைகள் என்பதால் பிடிக்காத ஒன்றைத் தாண்டிப் போவதிலும் நட்டமில்லை.

நாவல்தான் வேண்டும் என்றால் சுதாகர் கஸ்தூரியின் ‘6174’. தலைப்பில் இருப்பது கணிதத்தில் கப்ரேகர் மாறிலி எனப்படும் எண். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கு இலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வந்த விடையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்து நிற்கும். 3524 ஐ எடுத்தால் 5432 − 2345 = 3087, பிறகு 8730 − 0378 = 8352, பிறகு 8532 − 2358 = 6174. இந்தக் கழித்தலைச் செய்து பார்த்து ஒருவருக்கு ஆர்வம் வந்தால், நாவலும் அவருக்குப் பிடிக்கும். வராவிட்டால் தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’ பக்கம் போகலாம். அது வேற்றுக்கிரகக் குடியேற்றக் கதை, ஓட்டம் வேகமானது.

மாயப் புனைகதையைப் பொறுத்தவரை, பின்னோக்கிப் போனால்தான் புதையல். பாரதியாரின் ‘ஞானரதம்’ மனம் என்ற தேரில் ஏறிக் கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று உலகம் உலகமாகப் போகும் உரைநடைக் கதை. கவிதைகளை மனப்பாடம் செய்தவர்கள்கூட இதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ சிறுகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதி 1891 இல் வந்த ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பிய வீரக் கதை ஒன்றின் தமிழ் வடிவம். இரட்டையரில் ஒருவனைக் கரடி வளர்க்கிறது. நடை பழையது, முதல் பத்துப் பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம மலைநாடு வருகிற நாவல் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. விஞ்ஞான, மாயப் புனைகதைகளுக்கான ஹியூகோ, நெபியூலா இரண்டு விருதும் வாங்கிய நாவல். ஆனால் அந்த மலையின் அடிவாரத்தில் இருப்பவர்களிடையே அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவர் 1979 இல் வெளியிட்ட ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’, பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டும் பொறியியலாளரின் கதை. அதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் சிகரம் ‘ஸ்ரீ கண்ட’. பெயரை மாற்றியிருந்தாலும் அது நல்லதண்ணியிலிருந்து ஏறுகிற சிவனொளிபாத மலைதான். உச்சியில் ஒரு பிக்குகள் மடம். அவர்கள் இடத்தைவிட்டு எழும்ப மறுக்கிறார்கள். நாவலின் இழுபறியே அதுதான். சிகிரியாவும் வேறு பெயரில் வருகிறது.

வாசிக்கும்போது ஒன்று உறுத்தும்: கதையில் தீவு பூமத்திய ரேகையில் இருக்கிறது. கிளார்க் வேண்டுமென்றே நாட்டைச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். மின்தூக்கியின் கம்பி தொங்கவேண்டிய புவிநிலைச் சுற்றுப்பாதை (பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் பாதை) பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பியின் அடி அதற்கு நேர்கீழே இருப்பதுதான் வசதி. இலங்கையோ வட அகலாங்கு 6 க்கும் 10 க்கும் இடையில்.

வாசிப்பில் தடங்கல் வருவது ஆரம்பத்தில். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய காளிதாச மன்னனின் கதையும் எதிர்காலக் கதையும் மாறி மாறி வரும். பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். மன்னன் வரும் அத்தியாயங்கள் சிறியவை, போகப் போக நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் தாண்டிவிடலாம்.

இப்போது எழுதும் இலங்கையர்கள் யார்?

மூன்று பேர், மூன்று விதம். மூவரும் எழுதுவது ஆங்கிலத்தில்.

யுதன்ஜய விஜேரத்ன எழுதிய ‘தி சல்வேஜ் க்ரூ’ (2020) எளிமையான ஆங்கிலம், வேகமான கதை. ஒரு செயற்கை நுண்ணறிவும் சில மனிதர்களும் ஒரு கிரகத்தில் இறங்கிப் பழைய கப்பலின் சிதைவுகளைத் தேடுகிறார்கள். நுண்ணறிவு இடையிடையே கவிதை சொல்லும். அந்தக் கவிதைகளுக்கு ஆசிரியர் உண்மையிலேயே கணினி நிரலைப் பயன்படுத்தியிருக்கிறார். அவருடைய ‘தி இன்ஹியூமன் ரேஸ்’ (2018) பிரிட்டிஷ் ஆட்சி இன்னும் முடியாத இலங்கையைக் கற்பனை செய்கிறது. தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கற்பனை வேறு மாதிரித் தைக்கும்.

வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ (2023) நெபியூலா விருது பெற்றது. தெய்வப் பிறவியான தகப்பனைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்ட ஒருவன், அந்த வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய் வாழப் பார்க்கிறான். இனக் கலவரம், முகாம், அடையாள அட்டை, அலுவலக வரிசை எல்லாம் மாய உலகத்துப் பெயர்களில் வருகின்றன. வெளிநாட்டு வாசகர் குழம்பும் இடங்களில் நீங்கள் குழம்ப மாட்டீர்கள். ஆங்கிலம் மட்டும் அடர்த்தி. அடுத்த நாவல் ‘ரேக்ஸ்ஃபால்’ இன்னும் கடினம். அதை முதலில் எடுக்காதீர்கள்.

ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ 2022 இல் புக்கர் பரிசு பெற்றது. அறியப்படாத நாவல் அல்ல, ஆனால் அதை மாயப் புனைகதை என்று யாரும் அடுக்கில் வைப்பதில்லை. செத்துப்போன புகைப்படக்காரன் ஏழு நாளுக்குள் தன் சாவின் காரணத்தைத் தேடுகிறான்.

யாரும் சொல்லாத நல்ல நாவலை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

‘சிறந்த 100’ பட்டியல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. எங்கே தேடினாலும் அதே முப்பது பெயர்கள் வரும். பலன் தருவது மூன்று பாதைகள்.

முதலாவது, விருதின் இறுதிப் பட்டியல். வென்ற நாவலை எல்லோரும் வாசிப்பார்கள், தோற்றவற்றை மறந்துவிடுவார்கள். பிரிட்டனில் 1987 முதல் வழங்கப்படும் ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் வழக்கமாக ஆறு நாவல்கள் இருக்கும். பத்து வருடத்தை எடுத்தால் அறுபது. வென்ற பத்தைக் கழித்தால் ஐம்பது நாவல்கள், எல்லாம் நடுவர்கள் சல்லடை போட்டவை. போட்டிக்கு வந்த எல்லாப் புத்தகங்களின் பட்டியலையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். அதற்கும் அடியில் தோண்ட வேண்டுமானால் பிலிப் கே. டிக் விருது. அமெரிக்காவில் கெட்டி அட்டை இல்லாமல் நேரே மெல்லிய அட்டையில் வந்த விஞ்ஞானப் புனைகதைப் புத்தகங்களுக்கு மட்டுமே அது. பெரிய விளம்பரம் கிடைக்காத புத்தகங்கள் சேருகிற இடம் அதுதான்.

இரண்டாவது, சிறுகதையிலிருந்து நாவலுக்குப் போவது. எங்களுடைய முதல் சிபாரிசு எப்போதும் இதுவே. ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ (2006 முதல்), ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ (2000 முதல்) இரண்டும் கதைகளை இணையத்தில் இலவசமாகப் போடுகின்றன. ஒரு கதை அரை மணித்தியாலம். பிடித்தால் கதையோடு இருக்கும் ஆசிரியர் குறிப்பைப் பாருங்கள். நாவல் எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். வாரம் இரண்டு கதை வாசித்தால் வருடத்தில் நூறு எழுத்தாளர்களின் குரலைக் கேட்டிருப்பீர்கள், ஒரு சதம் செலவில்லாமல். முழு நாவலை வாங்கிவிட்டு நாற்பதாம் பக்கத்தில் மூடி வைப்பதைவிட இது மேல். அச்சில் வேண்டும் என்பவர்களுக்கு, தருண் கே. செயின்ட் தொகுத்த தென்னாசிய விஞ்ஞானப் புனைகதைத் தொகுதி (கொலன்ஸ், 2019) அதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது, ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற, விஞ்ஞான, மாயப் புனைகதை நூல்களுக்கான இலவசத் தரவுத்தளம். தோற்றம் பழசு, தகவல் கெட்டி. ஆசிரியர் பெயரைப் போட்டால் எந்த வருடம் எது வந்தது, தொடரில் எத்தனையாவது, எந்தத் தொகுப்பில் எந்தக் கதை எல்லாம் வரும். உங்களுக்குப் பிடித்த கதை வேறு எந்தத் தொகுப்புகளில் வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தத் தொகுப்பிலுள்ள மற்றப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தொகுப்பாசிரியர் தேர்ந்தவர்கள் என்பதால் ரசனை ஓரளவு ஒத்துப்போகும்.

கண்டுபிடித்த பிறகு குட்ரீட்ஸ் தளத்தில் ஒரு சோதனை. நட்சத்திர எண்ணிக்கையை விடுங்கள். எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்று பாருங்கள். 200 க்கும் 3,000 க்கும் இடையில் என்றால் நாம் தேடும் வகை. இருபது பேர்தான் என்றால் பெரும்பாலும் ஆசிரியரின் நண்பர்கள். பிறகு மூன்று நட்சத்திர விமர்சனங்களை மட்டும் வாசியுங்கள். ஐந்து போட்டவர் கொண்டாடுவார், ஒன்று போட்டவர் திட்டுவார். மூன்று போட்டவர்தான் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வார்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். எதில் தொடங்கலாம்?

நீளத்தை வைத்துத் தேருங்கள். பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாஸ் ட்ரீம்’ ஒரே இருப்பில் முடியும். 1905 இல் சென்னையில் வெளிவந்த ஓர் ஆங்கில மகளிர் இதழில் அச்சானது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைத்து, வானத்திலிருந்து நீர் எடுத்து, நாட்டை ஆளும் கதை.

அடுத்து ஸ்துருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்சைட் பிக்னிக்’ (1972). சிறிய நாவல், பேச்சு நடை. 2012 இல் வந்த ஒலேனா போர்மஷென்கோவின் மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். நைஜீரியாவின் அமோஸ் டுட்டுவோலா 1952 இல் வெளியிட்ட ‘தி பாம்வைன் ட்ரிங்கார்ட்’ இலக்கணம் பார்க்காத ஆங்கிலம். செத்துப்போன கள்ளிறக்குபவனைத் தேடி ஒருவன் இறந்தோர் ஊருக்குப் போகிறான். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையோட்டம் அந்நியமாக இராது. இடைநிலைக்கு அமிதவ் கோஷின் ‘தி கல்கத்தா குரோமசோம்’, 1997 கிளார்க் விருது பெற்றது. மலேரியா ஆராய்ச்சியைச் சுற்றிய மர்மம். காலம் முன்னும் பின்னும் தாவும், ஒரு தாளில் பெயர்களையும் வருடங்களையும் குறித்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

அகராதியைப் பக்கத்துக்கு மூன்று முறைக்கு மேல் தூக்கினால் புத்தகம் இப்போதைக்கு உங்களுக்கில்லை. ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை எங்கே?

இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் இணையத்தளம். பழந்தமிழுக்கும் பாரதி காலத்து எழுத்துக்கும் மதுரைத் திட்டம். இன்றைய எழுத்தாளர்கள் தாமாகவே பகிர்ந்தவற்றுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். அங்கே திரைக்கேற்ப வரி மடங்கும் ஈபப் என்ற மின்னூல் வடிவமும் உண்டு. ஆங்கிலத்துக்குக் குட்டன்பெர்க் திட்டம்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 வருடம்வரை நீடிக்கும். குட்டன்பெர்க் அமெரிக்கச் சட்டத்தைப் பார்ப்பது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. டேவிட் லின்ட்சே (இறப்பு 1945), சார்லட் பெர்கின்ஸ் கில்மன் (1935) போன்றவர்கள் இரண்டு கணக்கிலும் சரி. லின்ட்சேயின் ‘ஏ வொயேஜ் டு ஆர்க்டுரஸ்’ (1920) விசித்திரமான நாவல். பாதிப்பேர் வெறுப்பார்கள், மீதிப்பேர் மறக்கமாட்டார்கள்.

டெலிகிராமில் எல்லாம் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. சிறு பதிப்பகத்தின் புத்தகம் விற்காவிட்டால் அந்த எழுத்தாளரின் அடுத்த நாவல் வராது. தவிர, அந்தக் கோப்புகளில் பக்கம் விடுபட்டிருப்பது சாதாரணம்.

தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, வகைப்பெயர் ஒன்றாக இல்லை. ‘விஞ்ஞானப் புனைகதை’, ‘அறிவியல் புனைகதை’, ‘அறிபுனை’, ‘விஞ்ஞானச் சிறுகதை’ நான்கையும் தனித்தனியே போடுங்கள். மாயக் கதைகளுக்கு ‘மிகுபுனைவு’, ‘மாயாஜால நாவல்’, ‘ஃபேன்டஸி’. இரண்டு, பழைய கோப்புகள் ஸ்கேன் படங்களாகவோ பாமினி போன்ற பழைய எழுத்துருவிலோ இருக்கும். யூனிகோட்டில் தட்டச்சு செய்த சொல் அதற்குள் அகப்படாது. நூல் தலைப்பையோ ஆசிரியரையோ வைத்துத் தேடினால்தான் வரும், ஏனென்றால் அந்த விவரங்களை மட்டும் யாரோ யூனிகோட்டில் பதிந்திருப்பார்கள்.

போனில் வாசிக்கலாமா? டேட்டா நிறையப் போகுமா?

படங்கள் இல்லாத ஈபப் நாவல் பெரும்பாலும் 1 எம்.பி. க்குள். அதே நாவலின் ஸ்கேன் பி.டி.எஃப். பல பத்து எம்.பி. வரலாம். ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும், பி.டி.எஃப். இல் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், சிறிய திரையில் பத்துப் பக்கம் தாண்டாது. ஆகவே இரண்டும் இருந்தால் ஈபப். ரீட்எரா செயலி இலவசம், இணைப்பு இல்லாமலும் திறக்கும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள் டவுனுக்கு வரும் நாளில் நாலைந்து புத்தகத்தை இறக்கிக்கொண்டு போகலாம். கிண்டிலில் வாங்குமுன் மாதிரியை இறக்குங்கள்; ஏறத்தாழ முதல் பத்து வீதம் இலவசமாக வரும்.

அச்சுப் புத்தகம் எங்கே வாங்குவது?

தமிழ்நாட்டுப் பதிப்புகளுக்குக் கொழும்பில் பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற கடைகள். போவதற்கு முன் பதிப்பகத்தின் பெயரோடு தொலைபேசியில் கேளுங்கள். ‘சயன்ஸ் பிக்‌ஷன் இருக்கா’ என்று கேட்டால் சுஜாதாவைத்தான் எடுத்துத் தருவார்கள். இந்திய விலையை இலங்கை ரூபாவுக்கு எத்தனையால் பெருக்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். கடைக்குக் கடை அது மாறும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் கழிவு கிடைக்கும், கடைசி நாட்களில் பேரம் பேசவும் இடமுண்டு.

பழைய ஆங்கிலப் புத்தகங்களுக்கு, ஹட்டனிலிருந்து ரயிலில் போகிறவர்கள் கோட்டைக்கு முந்திய மருதானையில் இறங்கி டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பக்கத்துப் பழைய புத்தகக்கடைகளைப் பார்க்கலாம். முதுகில் ‘எஸ்.எஃப். மாஸ்டர்வேர்க்ஸ்’ என்றிருந்தால் யோசிக்காமல் புரட்டுங்கள். அச்சில் இல்லாமல் போன நல்ல நாவல்களைக் கொலன்ஸ் 1999 முதல் மீட்டுப் போட்ட வரிசை அது.

தனியாக வாங்கக் கஷ்டம் என்றால் ஐந்து பேர் சேருங்கள். ஆளுக்கொன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கைமாற்று. பதினைந்து வாரத்தில் எல்லோரும் ஐந்தையும் வாசித்திருப்பார்கள். ஒருவர் இழுத்தடித்தால் முழுச் சுற்றும் நிற்கும். முடிக்காவிட்டாலும் தேதிக்குக் கொடுத்துவிடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு ஏமாந்தோம் என்று பலர் சொல்வது எதனால்?

அநேகமாகச் சுருக்கப் பதிப்பு. ஜூல்ஸ் வேர்ன், எச். ஜி. வெல்ஸ் இருவரையும் பாடசாலைப் பிள்ளைகளுக்காக நூறு பக்கத்துக்குள் வெட்டியவை ஏராளம். அட்டையில் சொல்லமாட்டார்கள், உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். வேர்னின் கடலடிப் பயண நாவலுக்கு 1870 களில் வந்த முதல் மொழிபெயர்ப்பு மூலத்தில் பெரும் பகுதியை வெட்டிவிட்டது. மலிவுப் பதிப்புகள் இன்னும் அதையே அச்சிடுகின்றன. எஃப். பி. வோல்டரின் முழு மொழிபெயர்ப்பு குட்டன்பெர்க்கில் இலவசமாகவே இருக்கிறது. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம்மின் ‘சொலாரிஸ்’ நாவலின் 1970 ஆங்கிலப் பதிப்பு போலிஷ் மூலத்திலிருந்து அல்ல, பிரெஞ்சிலிருந்து வந்தது. பில் ஜோன்ஸ்டனுடையதுதான் நேரடி.

அடுத்த காரணம், தொடரின் நடுப் புத்தகம். அட்டையில் எண் இல்லாமலே இரண்டாம் பாகம் கடையில் கிடக்கும். வாங்குமுன் ஐ.எஸ்.எஃப்.டி.பி. யில் ஒரு நிமிடம் பாருங்கள்.

தங்கச்சிக்குப் பன்னிரண்டு வயது. என்ன கொடுக்கலாம்?

தமிழில் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. ஆங்கிலம் வாசிப்பாள் என்றால் உர்சுலா கே. லெ குவின் எழுதிய ‘ஏ விஸார்ட் ஒஃப் எர்த்சீ’ (1968). ஆட்டுக்கிடை மேய்த்த, செம்பு நிறத் தோலுள்ள பையன் மந்திரவாதியாகும் கதை; இருநூறு பக்கமளவு. இதற்குத் தொடர்ச்சி உண்டு, ஆனால் முதல் புத்தகம் தனியாகவே நிறைவாக முடியும்.

எங்கள் நூலகத்தில் இந்த மாதிரிப் புத்தகமே இல்லை. கேட்டால் வாங்குவார்களா?

வாய்மொழியாகக் கேட்டால் மறந்துபோவார்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை நான்கும் எழுதி, ஐந்தாறு அங்கத்தவர்கள் ஒப்பமிட்டு நூலகரிடம் கொடுங்கள். கொள்வனவுக்கான ஒதுக்கீடு முடிவாவதற்கு முன் கொடுப்பது முக்கியம். எப்போது என்று அவரிடமே கேட்கலாம். மூன்று தலைப்புக்கு மேல் எழுதாதீர்கள். நீண்ட பட்டியலில் அவர்களுக்கு எளிதாகக் கிடைப்பதைத்தான் வாங்குவார்கள், நீங்கள் விரும்பியதை அல்ல.

மழைக்காலத்தில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கிறதே?

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இது தவிர்க்க முடியாத தொல்லை. அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். பொலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் இன்னும் வேகமாகப் பிடிக்கும். பழைய புத்தகக்கடையில் வாங்கியதைக் கொண்டுவந்தவுடன் மற்றவற்றோடு சேர்க்காமல், வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் விரித்து நிற்கவையுங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.